ஒரே காட்டு மல்லாட்டை

எங்கள் வீட்டிலிருந்து விடியற்காலையில் இரண்டு பேர் கிளம்புவோம். கோயிலில் முறை வரும் நாட்களில் அப்பா அண்ணாமலையாருக்குப் பூஜை செய்யப் போவார். நான் ஊரார் பிள்ளைகளின் பீயை வாங்கி வரப் போவேன். இப்படிப் பச்சையாகச் சொன்னால் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும். "ஆராய்ச்சி வேலைன்னு சொன்னா வாய் வலிக்குமா உனக்கு, ராஜி?" என்பாள்.

ஆராய்ச்சிதான். குடலில் நோய் உண்டாக்கும் கிருமி புகுந்தால் குழந்தைகளின் உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட நூற்றிருபது பிள்ளைகள். மாதம் ஒரு தடவை மலம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம். மலத்தில் என்ன கிருமி இருக்கிறது, அதற்கு ரத்தம் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என் வேலை முதல் நாள் மாலையில் வீட்டுக்கு வீடு வெறும் டப்பாவைக் கொடுப்பது, மறுநாள் காலையில் நிறைந்த டப்பாவை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து எட்டு மணிக்குள் செங்கம் ரோட்டு ஆபீசில் சேர்ப்பது. ஸ்கூட்டியில் அந்த நீலப் பெட்டியைக் கண்டதும் பே கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற தெருப் பிள்ளைகள் "ஆய் மேடம் வந்துட்டாங்க டோய்" என்று கத்துவார்கள். வேலை முடிந்து வந்தால் பின்கட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அப்பா ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டால்தான் "வந்துட்டியாம்மா" என்று குரல் கொடுப்பார்.

அந்தத் தெருவின் கடைசி வீடு சகாதேவனுடையது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருந்த நிலத்தை அண்ணன் மூர்த்தியிடம் விட்டுவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் டவுனுக்கு வந்தவர். கிரிவலப் பாதையில் தள்ளுவண்டி போட்டு அவித்த மல்லாட்டை விற்கிறார். யாராவது வேர்க்கடலை என்றால் போதும், கோபம் வந்துவிடும். "அது கடையில பாக்கெட்டுல தொங்கறதுங்க. இது மல்லாட்டை" என்பார். மனைவி கஸ்தூரிக்கு ஆசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் வேலை. வெள்ளைக்காரர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்து மொட்டை மாடியில் உலர்த்த வேண்டும். ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் ஏழுக்குப் போய்ச் சேர முடியும். பெரியவள் தேவிப்ரியா, ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. சின்னவன் முருகவேல், இரண்டரை. எங்கள் பட்டியலில் இருந்தது முருகவேல் மட்டும்தான். அக்காவுக்கு வயது தாண்டிவிட்டது.

காலையில் நான் போகும்போது வாசலில் விறகடுப்பின்மேல் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். மண் ஒட்டிய காய்களை நாலு தண்ணீர் மாற்றி அலசி, கல்லுப்புப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வேகவைப்பார்கள். அந்த வாசனைக்காகவே அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வேன். கஸ்தூரி ஒரு கை அள்ளித் தருவாள். பெட்டியைத் தொட்ட கையோடு தின்னக் கூடாது என்று கைப்பையில் போட்டுக்கொள்வேன். பாதி நாள் மறந்துபோய் அது அங்கேயே பூசணம் பிடித்துக் கிடக்கும்.

தண்ணீர்தான் அந்தத் தெருவுக்குப் பெரிய பாடு. நாலு நாளைக்கு ஒரு தடவை வரும். குழாயில் மேலே ஏறாது என்று வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதில் இறங்கி நின்று குடம் பிடிப்பார்கள். ஒரு முழம் தள்ளிச் சாக்கடை ஓடும். முதல் பத்துக் குடம் கலங்கலாகவும் நாற்றமாகவும் வரும். அதைக் கீழே ஊற்றவும் மனசு வராது.

முதல் நாள் டப்பா கொடுத்தபோது நான் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ரொம்ப வேணாம் கஸ்தூரி. மூடியிலயே ஸ்பூன் இருக்குது பாருங்க, ஒரு ஸ்பூன் போதும். சும்மா சாம்பிள்தான்."

"சாம்பிள்னா தெரியாதா மேடம்? வருசா வருசம் மண்டிக்குக் காய் கொண்டும்போனவங்க நாங்க" என்று சிரித்தாள்.

"ஆறரைக்குள்ள எடுத்து வெச்சிடணும். காலியா மட்டும் குடுத்துடாதீங்க, எனக்குத்தான் திட்டு விழும்."

திட்டு விழும் என்றது பொய்யில்லை. எங்கள் சூப்பர்வைசர் அருள்ராஜ் நல்ல மனுஷன்தான், ஆனால் காலி டப்பாவைக் கண்டால் சாமி வந்தவர் மாதிரி ஆடுவார். மற்ற வீடுகளில் மாதம் பத்துப் பதினைந்து டப்பா காலியாகத்தான் வரும். பிள்ளைகள் நம் கடிகாரம் பார்த்தா வெளிக்குப் போகும்? கஸ்தூரி வீட்டு டப்பா மட்டும் ஒரு மாதம்கூடக் காலியாக வந்ததில்லை. "அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று தெருவெல்லாம் அவளைப் புகழ்ந்துகொண்டு திரிந்தேன். அந்த வாயை இப்போது நினைத்தால் கூசுகிறது.

சித்திரை பிறந்த வாரம் ஆபீசில் டாக்டர் சிவப்பிரியா என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் முருகவேலின் தாள்கள் இருந்தன.

"ராஜி, ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மூணு மாசமும் இந்தக் குழந்தையோட டப்பாவுல சீதபேதிக் கிருமி இருக்கு. அதுவும் ஜாஸ்தி. ரிசல்ட் எல்லாம் இப்பத்தான் மொத்தமா வந்துச்சு. ஜனவரியில ஒரு தடவ, மார்ச் கடைசியில ஒரு தடவ ரத்தம் எடுத்தோம் இல்ல? ரெண்டுலயும் அந்தக் கிருமிக்குப் பதிலே இல்ல. கொஞ்சம்கூட இல்ல."

"அப்படின்னா?"

"திருடன் மூணு மாசமா வீட்டுக்குள்ள உக்காந்து சாப்புடறான். நாய் ஒரு தடவகூடக் குலைக்கல. என்ன அர்த்தம்?"

"நாய் தூங்குது."

"தூங்கினா பரவால்ல. நாயே இல்லயோன்னு பயமா இருக்கு."

திருடன் வேறு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு படித்தவருக்கு டப்பாமேல் ஒட்டியிருந்த எண்தான் குழந்தை. மாதா மாதம் அந்த வாசலில் நிற்கிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் சகாதேவனையும் கஸ்தூரியையும் ஆபீசுக்கு அழைத்துப்போனேன். சகாதேவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முருகவேல் அவர் மடியில் உட்கார்ந்து டாக்டரின் பேனாவை இழுத்துக்கொண்டிருந்தான். கொழுகொழுவென்று இருந்தான்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே டாக்டர்? நல்லா துன்றான், நல்லா தூங்கறான்" என்றார் சகாதேவன்.

"இப்ப நல்லாத்தான் இருக்கான். ஆனா எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குமோன்னு சந்தேகம். அடுத்த மாசம் இன்னொரு தடவ டப்பாவும் ரத்தமும் பாத்துட்டு, அப்பவும் இப்படியே இருந்தா சென்னைக்கு அனுப்பணும்."

"எதிர்ப்பு சக்தி இல்லன்னா இன்னா ஆவும்?"

டாக்டர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஆனாலும் கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. பையனைப் புருஷன் மடியிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கிருமிக்கு மூன்று நாள் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நெருங்கவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தையை சகாதேவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுலயே ஒருத்தி ஸ்கூல் போறாளே" என்றார் வெளியே வந்ததும். "பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே. லீவு முழுக்க அண்ணன் வீட்டுல வுட்டுடலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவிப்ரியாவைக் கிளப்பினார்கள். நான் மருந்தைச் சரியாகக் கொடுத்தார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். புட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. சின்னவன் முழுவதையும் குடித்திருந்தான். பெரியவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வெயிலுக்குப் பிள்ளைகள் மெலிவது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"வயிறு வலிக்குதும்மா" என்றாள்.

"ரெண்டு மாசமா இதே பாட்டுதான் மேடம்" என்று கஸ்தூரி என்னிடம் சொன்னாள். "ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப வயிறு வலிக்கும். ஊருக்குப் போன்னா வயிறு வலிக்கும்."

"நான் போவல. தம்பிகூடதான் இருப்பேன்."

சகாதேவன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பலமாக இல்லை, ஆனாலும் அவள் அழுதாள். சமாதானம் பண்ணுகிறேன் என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க பாரு பாப்பா. உன் கையில ஸ்கூல் கிருமி இருக்கும். உனக்கு அது ஒண்ணும் பண்ணாது. தம்பிக்கு அதைத் தாங்க சக்தி இல்ல. தம்பி நல்லாவற வரைக்கும் பெரியப்பா வீட்டுல சமத்தா இருப்பியாம்."

அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சோப்புப் போட்டு கழுவினாகூடவா?" என்று கேட்டாள்.

"ஆமா. கழுவினாகூட."

அதற்கப்புறம் அவள் அடம் பிடிக்கவில்லை. போகும்போது தம்பி "அக்கா, அக்கா" என்று ஓடிவந்தான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

வைகாசி பிறந்த பிறகும் அக்கினி வெயில் குறையவில்லை. ராத்திரி முழுவதும் மலைப்பாறை சூட்டைக் கக்கும். விடியற்காலையில்கூட அந்தத் தெருவில் காற்று சூடாகத்தான் இருக்கும். மறுபரிசோதனை டப்பாவை வாங்க நான் போனபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சகாதேவன் மல்லாட்டைக் கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கஸ்தூரி வெறும் டப்பாவோடு வாசலுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மேடம், இன்னிக்கு எப்படிங்க பண்றது? பாப்பா ஊருல இருக்காளே."

எனக்குப் புரியவில்லை. "பாப்பா ஊருல இருந்தா என்ன? முருகவேலோடதுதானே வேணும்?"

"அவன் காலைல போவமாட்டானே மேடம். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் போவான், நான் வேலைல இருப்பேன். பாப்பாதான் கரெக்டா ஆறு மணிக்குப் போவா. அதைத்தானே எடுத்து வெப்பேன்."

ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டேனா, அப்படியே விட்டேனா, தெரியாது.

"எத்தினி மாசமா?"

"தை மாசத்துலேந்துதான். அதுக்கு முன்ன அவனும் காலைலதான் போயிட்டிருந்தான். இன்னா மேடம், ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

"அது இவனோட டப்பா கஸ்தூரி. இவனோடதைத்தானே வெக்கணும்?"

"நீங்கதானே சாம்பிள்னு சொன்னீங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "மண்டியில பத்து மூட்டை எறக்கினா ஒரு மூட்டையில கைவுட்டு ஒரு பிடி அள்ளுவாங்க. எல்லாம் ஒரே காட்டுக் காய்தானே, எந்த மூட்டைன்னு யாரு கேப்பாங்க? ரெண்டு பேரும் என் வயித்துல பொறந்ததுதான். ஒரே சட்டி சோறு, ஒரே கொடத்துத் தண்ணி. அவளுது வேற, இவனுது வேறயா மேடம்?"

சகாதேவன் கையிலிருந்த கொடி கீழே விழுந்தது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டிக்கு மூட்டை சுமந்த மனுஷன், அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அப்ப கிருமி..." என்றார்.

"மூர்த்திக்கு போன் போடுங்க" என்றேன்.

எடுத்தது மூர்த்தியின் மனைவி. சகாதேவன் சத்தமாக வைத்ததால் எனக்கும் கேட்டது. "நானே சொல்லணும்னு இருந்தேன்பா. மூணு நாளா பாப்பாவுக்கு வயித்தால போவுது. மாம்பழம் துன்னுச்சு, செமிக்கலன்னு நேத்து வயித்தை நீவித் தொக்கம் எடுத்துக்கினு வந்தோம். இப்ப சளிசளியா ரத்தம் போவுது. நீங்க சின்னவன் கவலையில இருக்கீங்கன்னுதான் சொல்லல."

பையனைப் பக்கத்து வீட்டில் விட்டோம். கஸ்தூரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன்; சகாதேவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நீலப் பெட்டி என் காலடியிலேயே இருந்தது. அன்றைக்கு வாங்கிய பதினெட்டு டப்பாவும் அதிலேயே வீணாயின. அருள்ராஜ் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் கஸ்தூரி பின்னாலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டபடி வந்தாள். "மருந்தெல்லாம் இவனுக்குக் குடுத்துட்டேனே, இப்ப அவளுக்கு குடுத்தா கேக்கும்ல மேடம்?" கேட்கும் என்றேன். நான் டாக்டரா? வேறு என்ன சொல்வது?

மூர்த்தி வீட்டு நடையில் சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டேன். மடிப்பு மடிப்பாகவே நின்றது.

"தண்ணி குடுத்தீங்களா?"

"குடுக்க குடுக்கப் போவுதேம்மா. அதான் நேத்துலேந்து நிறுத்திட்டோம், வயிறு காயட்டும்னு" என்றாள் மூர்த்தியின் மனைவி. கெட்ட மனுஷி இல்லை. மூன்று நாளாக அலசிப்போட்ட துணிகள் கொடி முழுவதும் காய்ந்துகொண்டிருந்தன.

நான் தம்ளரில் உப்பும் சர்க்கரையும் கரைத்தேன். கஸ்தூரி மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளக் குனிந்தாள். தேவிப்ரியா கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் கையை இழுத்து மார்புக்கடியில் மறைத்துக்கொண்டாள்.

"தொடாதம்மா. தம்பியத் தூக்குவ இல்ல."

கஸ்தூரி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். நான் தம்ளரோடு நின்றேன். அந்தப் பேச்சை அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

மூர்த்தியின் குட்டியானை வண்டியில் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். சகாதேவன் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறிக்கொண்டார். ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு நானும் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவே வெகு நேரம் ஆனது. டாக்டர் சிவப்பிரியாவும் வந்து கட்டிலோரத்திலேயே நின்றார். மறுநாள் காலை பதினோரு மணிக்கு தேவிப்ரியா இறந்துபோனாள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நான் போனேன். அதுவரைக்கும் போகத் தைரியம் வரவில்லை. டாக்டர்தான் அனுப்பினார். முருகவேலின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம், இனி அவர்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று ஒரு தாள். அதில் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றும் சொல்ல வேண்டும். கிருமியே போகாத ரத்தம் எதற்குப் பதில் சொல்லும்?

வாசலில் அடுப்பு எரியவில்லை. தள்ளுவண்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். சகாதேவன் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"உக்காருங்க மேடம்."

சின்னவனைப் பற்றிச் சொன்னேன். எவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ கேட்கிற மாதிரித் தலையாட்டினார். பிறகு, "ஆஸ்பத்திரில பாப்பாவுக்கு எடுத்த ரத்தத்தை உங்க டாக்டரம்மா கேட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதுல இன்னா வந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன்.

"சொல்லுங்க மேடம். அவளுக்கு அந்த எதிர்ப்பு சக்தி இருந்துதா, இல்லியா?"

"இருந்துதுங்க."

"எவ்ளோ?"

"ஜாஸ்தி. நாங்க பாக்கற நூத்தியிருவது புள்ளைங்கள்ல ஒருத்தருக்குக்கூட அவ்ளோ இல்ல."

அவர் தெருவைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப இத்தினி மாசமா உள்ளாறயே சண்டை போட்டுக்கினு இருந்திருக்கா."

"ஆமாங்க."

"அவ்ளோ இருந்தும் ஏன் மேடம்?"

"அது மட்டும் போதாதுங்க. உடம்புல தண்ணி நிக்கணும், நேரத்துக்கு மருந்து போகணும்னு டாக்டர் சொன்னாங்க."

"வயிறு வலிக்குதுன்னு வாய்வுட்டுச் சொன்னா. நான் முதுகுல தட்டினேன்" என்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

கைப்பையிலிருந்து தாளை எடுக்கப் போனபோது கஸ்தூரி உள்ளேயிருந்து வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. கையில் டப்பா. போன மாதம் காலியாக விட்டுவிட்டுப் போன அதே டப்பா, துடைத்துச் சுத்தமாக மூடியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

"கஸ்தூரி, இனிமே இதெல்லாம்..."

"இது அவனுதுதான் மேடம்" என்றாள். "நான் வேலைக்குப் போவல. காலைலேந்து அவன் பக்கத்துலயே உக்காந்திருந்து, என் கண்ணால பாத்து எடுத்தேன். சத்தியமா அவனுதுதான்."

தாளைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.